காலையில் குழந்தைக்குத் தலை சீவ முடியவில்லை, தினமும் அழுகை. வழி சொல்லுங்கள்

திருப்பூர்_அம்மா
திங்கள், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. முடி அவள் அப்பா மாதிரி சுருட்டை, தோளுக்குக் கொஞ்சம் மேலே வரை வளர்ந்திருக்கிறது. ராத்திரி படுக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். காலையில் எழுந்து உட்கார்ந்தால் பின்னந்தலையில் கோழிமுட்டை அளவுக்குச் சிக்கு உருண்டு திரண்டிருக்கும், முன்பக்கம் ஒரு கற்றை நெட்டுக்குத்தாக நிற்கும். வேன் 8.20க்கு வந்துவிடும், நானும் 8.45க்குள் கம்பெனியில் இருக்க வேண்டும். ஆக தலை சீவ எனக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். சீப்பைக் கையில் எடுத்தாலே ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறாள். இழுத்துப் பிடித்துச் சீவினால் தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுகிறாள்.

போன வாரம் ப்ளே ஸ்கூல் டைரியில் "தலை சீவி அனுப்பவும்" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு நான் சீவிக் கட்டித்தான் அனுப்பினேன், வேனிலேயே ரப்பர் பேண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள் போல. அதைப் படித்ததும் மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. மறுநாள் காலையில் அந்தக் கோபத்தில் தொடையில் ஒரு அடி வைத்துவிட்டேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. தலைமுடிக்காகப் பிள்ளையை அடிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

வெட்டிவிடலாம் என்றால், குலதெய்வத்துக்கு மொட்டை பாக்கி இருக்கிறது, அதுவரை கத்தரி படக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். அது சித்திரையில்தான். அதுவரை நான் என்ன செய்வது?


ராஜி78
திங்கள், இரவு 11.05

சித்திரை வரைக்கும் ஏன் காத்திருக்கிறீர்கள், கோயிலில் கேட்டு முன்னாலேயே மொட்டை போட்டுவிடுங்கள். மொட்டை போட்டால் முடியும் அடர்த்தியாக வளரும், இந்தச் சிக்குத் தொல்லையும் போய்விடும். என் இரண்டு பையன்களுக்கும் அப்படித்தான் செய்தேன்.


மதுரை_கத்தரி
செவ்வாய், காலை 6.15

அப்பா சலூன் வைத்திருந்தார், இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். சின்னப் பிள்ளைகள் தலையில் கை வைப்பது எனக்குத் தினசரி வேலை, அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் மகள் அடம் பிடிக்கவில்லை, அவளுக்கு வலிக்கிறது. நம் தலையை நாமே சீவும்போது எங்கே இழுக்கிறது என்று தலைக்கும் தெரியும், கைக்கும் தெரியும், உடனே கையைத் தளர்த்திவிடுவோம். அடுத்தவர் தலையைச் சீவும்போது அது கைக்குத் தெரியாது. அவசரம் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் கடையில் முதலில் கற்றுக்கொடுப்பதே பிடிக்கத்தான். ஒரு விரல் தடிமன் அளவுக்கு முடியைப் பிரித்து எடுங்கள். அதைச் சிக்குக்கு மேலே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கொடுத்து இறுக்கிப் பிடியுங்கள். பிடித்த விரலுக்கும் தலைக்கும் நடுவில் உள்ள முடி தொய்வாக இருக்க வேண்டும், இது முக்கியம். இப்போது விரலுக்குக் கீழே எவ்வளவு இழுத்தாலும் இழுப்பு விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. உங்கள் முடியிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள், தெரிந்துவிடும்.

சீப்பை உச்சியில் வைக்காதீர்கள். நுனியில் ஒரு அங்குலம் மட்டும் சீவுங்கள், அது வழவழவென்று போகிறதா, அப்புறம் அதற்கு மேலே ஒரு அங்குலம். கடைசியில்தான் வேருக்கு வர வேண்டும். உச்சியில் வைத்து ஒரே இழுப்பாகக் கீழே கொண்டு வந்தால் வழியில் உள்ள சின்னச் சின்னச் சிக்கெல்லாம் சேர்ந்து கீழே ஒரு முடிச்சாகிவிடும், நீங்கள் சொல்லும் அந்த முட்டை பாதி இரவில் ஆவது, மீதி சீப்பால் ஆவது.

உருண்டையாகத் திரண்டுவிட்ட சிக்கில் சீப்பே போடாதீர்கள். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு அதில் தேய்த்துவிட்டு, இரண்டு கை விரலாலும் பக்கவாட்டில் பிய்த்துப் பிய்த்து இளக்குங்கள், பஞ்சு பிய்ப்பது மாதிரி. மேலிருந்து கீழே இழுக்காமல் இடமும் வலமுமாகப் பிரித்தால் பெரும்பாலும் வந்துவிடும். வரவே இல்லை என்றால் கத்தரி முனையை முடி ஓடுகிற திசையிலேயே நீளவாக்கில் விட்டு இரண்டு வெட்டு, உருண்டை இரண்டு மூன்றாகப் பிளந்து இளகிவிடும், குறுக்கே வெட்டினால்தான் குழி விழும். ஆனால் உங்கள் மாமியார் சொல்வதை மதித்து அதைச் செய்யாமல் பாருங்கள், எண்ணெயிலேயே முடிந்துவிடும்.

சீப்பு எந்தச் சீப்பு என்று சொல்லவில்லையே?


திருப்பூர்_அம்மா
செவ்வாய், மதியம் 1.30

அண்ணா, நீங்கள் சொன்னதை மதிய இடைவேளையில் படித்தேன். இத்தனை நாளும் உச்சியில் வைத்து ஒரே இழுப்பாகத்தான் இழுத்திருக்கிறேன். சீப்பு வீட்டில் எல்லோரும் சீவுகிற அந்தச் சின்ன, நெருக்கமான பல் வைத்த சீப்பு. விரலில் பிடிக்கிற விஷயம் எனக்கு யாருமே சொல்லித் தந்ததில்லை, என் அம்மாவும் எனக்கு முட்டியில் இடுக்கி வைத்துத்தான் பின்னிவிடுவார்கள்.

ஒரு சந்தேகம். ஈரத்தில் சீவலாமா, காய்ந்த பிறகா? ஈரத்தில் சீவினால் முடி கொட்டும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.


வேளச்சேரி_அப்பா
செவ்வாய், இரவு 9.50

ஈரக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மனைவிக்கு நைட் ஷிப்ட், அதனால் ஒன்றரை வருடமாகக் காலையில் பையனைக் கிளப்புவது நான்தான். அவனுக்குக் கோரை முடி, சிக்கு வராது, ஆனால் உச்சிச் சுழியில் ஒரு கொத்து மயில் கொண்டை மாதிரி நிற்கும். மேலாகத் தண்ணீர் தொட்டு அழுத்தி அழுத்திப் பார்த்தேன். வேன் வருவதற்குள் மறுபடி எழுந்து நின்றுவிடும்.

அப்புறம் இதைப் பற்றிப் படித்தேன். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளுக்கு நடுவே ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்கின்றன, ஈரம் பட்டால் அவை விட்டுப்போகும், காயும்போது அந்த நேரத்தில் முடி எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே மறுபடி பிடித்துக்கொள்ளும். ராத்திரி தலை வியர்த்து, தலையணையில் நசுங்கினபடியே காய்வதால்தான் காலையில் அந்த வடிவத்திலேயே நிற்கிறது. அதாவது ராத்திரி தலையணை போட்ட வடிவத்தைக் கலைக்க வேண்டுமென்றால் வேர் வரை நனைய வேண்டும். நுனியை நனைத்துப் பலனில்லை, மடிப்பு இருப்பது வேரில்.

இப்போது நான் செய்வது இதுதான். செடிக்குத் தெளிக்கிற சின்ன ஸ்ப்ரே பாட்டில் ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன், அதில் வெதுவெதுப்பான தண்ணீர். சுழி இருக்கிற இடத்தில் நாலு அழுத்து, விரல் நுனியால் தோலோடு சேர்த்து வட்டமாகத் தேய்ப்பேன், அப்புறம் சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமாகவே சீவி, துண்டை மேலே வைத்து இருபது எண்ணும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொள்வேன். அவனும் கூடவே எண்ணுவான், பதினான்குக்கு அப்புறம் பதினாறுக்குத் தாவிவிடுவான். பெரும்பாலானவர்களுக்கு வலஞ்சுழி, இவனுக்கு இடஞ்சுழி. இது தெரியாமல் நான் ஆறு மாதம் எதிர்ப்பக்கமாகச் சீவியிருக்கிறேன். (இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்பார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு வேலை இன்னும் அதிகம், இரண்டு சுழிக்கும் நடுவே உள்ள முடியை எந்தப் பக்கமும் படிய வைக்க முடியாது, கொஞ்சம் நீளமாக வளர விட்டால்தான் அதன் கனத்தில் தானே படியும்.)

உங்கள் மகளுக்குச் சுருட்டை என்பதால் காய்ந்த பிறகு சீவவே கூடாது. நேர்முடி ஈரத்தில் இழுபட்டு அறுந்துபோகும், அதனால் கொஞ்சம் காயவிட்டுச் சீவ வேண்டும். உங்கள் வீட்டில் சொன்னது அந்த முடிக்குப் பொருந்தும். சுருட்டைக்கு நேர்மாறு, ஈரத்திலேயே, கண்டிஷனரோ எண்ணெயோ வழவழப்பு இருக்கும்போதே சீவினால்தான் அறாது.


தேனி_பெரியம்மா
புதன், காலை 5.40

கண்ணு, காலையில் செய்கிற வேலையை ராத்திரிக்கு மாற்று. எனக்கு மூன்று பிள்ளைகள், இப்போது ஐந்து பேரப்பிள்ளைகள். சாயங்காலம் விளையாடி முடித்துச் சாப்பிட்ட பிறகு அவசரம் இருக்காது, பிள்ளையும் அசதியாக மடியில் சாயும். அப்போது ஒரு கரண்டி எண்ணெயை இளஞ்சூடாக்கி உள்ளங்கையில் தேய்த்து, முதலில் நுனிக்குத் தடவு, கடைசியாகக் கையில் மிஞ்சுவதை உச்சிக்கு வை. விரலாலேயே சிக்கெடு. எடுத்துவிட்டு உச்சியில் தளர்வாக ஒரு குடுமி, துணி பேண்டு போட்டுக் கட்டு, ரப்பர் வேண்டாம். பின்னந்தலை முடி தலையணையில் உரசாமல் மேலே ஏறிவிடும், உரசவில்லை என்றால் சிக்கு எங்கிருந்து வரும்?

தலையணை உறை முரட்டுப் பருத்தியாக இருந்தால் மாற்று. நான் கிழிந்துபோன பட்டு ரவிக்கைத் துணியைப் பிரித்து உறை தைத்துப் போட்டேன். பகலில் தூளியில் தூங்குகிற பிள்ளையா? அப்படியானால் அதிலும் குடுமியோடு படுக்க வை. தூளியில் பிள்ளை புரளும்போது தலை புடவையில் தேய்ந்துகொண்டே இருக்கும்.

குளிப்பாட்டினதும் துவாலையால் பரபரவென்று தேய்க்காதே. அதிலேயே பாதி சிக்கு விழும். ஈரிழைத் துண்டு இருக்கிறதே, அதைத் தலையில் சுற்றி ஒற்றி எடு, போதும்.


வேளச்சேரி_அப்பா
புதன், காலை 8.55

பெரியம்மா சொன்ன எண்ணெய் விஷயத்துக்கு ஆதாரமே இருக்கிறது. 2003இல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளியானது, அதில் முடியின் புரதம் கழுவிப் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு முடிக்குள்ளேயே இறங்கக்கூடியது, மற்றவை மேலேயே நின்றுவிடும். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அபார்ட்மென்டில் போர் தண்ணீர், உப்பு. சோப்புப் போட்டால் நுரை வராமல் வெள்ளையாக ஒரு படிவு முடியில் ஒட்டிக்கொள்ளும், முடி நார் மாதிரி ஆகிவிடும். கடைசியாக ஒரு சொம்பு கேன் தண்ணீர் ஊற்றி அலச ஆரம்பித்த பிறகு பரவாயில்லை. திருப்பூரிலும் போர் தண்ணீர் என்றால் இதைச் செய்து பாருங்கள்.


யாழ்_தாய்
புதன், இரவு 8.20

தலை சீவுவதை நாங்கள் தலை இழுக்கிறது என்றுதான் சொல்லுவோம். அந்தச் சொல்லைக் கேட்டாலே என் மகள் அழத் தொடங்குவாள், இப்போது மூன்று வயது. அவளுக்கும் சுருள் முடி.

எங்களுக்குக் கைகொடுத்தது பொம்மை. அவளிடம் ஒரு பொம்மைப்பிள்ளையும் ஒரு சீப்பும் கொடுத்து, "நீ அவவுக்கு இழு, நான் உனக்கு இழுக்கிறன்" என்று முன்னால் இருத்துவேன். அவள் பொம்மைக்கு உச்சியில் இருந்து வலித்து இழுத்தால் நான் நிப்பாட்டி, "அவவுக்கு நோகும் எல்லோ, கீழ இருந்து இழு" என்று சொல்லிக் கொடுப்பேன். இரண்டு கிழமையில் அவளே எனக்கு அதைத் திருப்பிச் சொன்னாள். நான் அவசரத்தில் மேலே சீப்பை வைத்துவிட்டேன், "அம்மா, கீழ இருந்து" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. தனக்கு நோகிறது என்று சொல்லத் தெரியாமல்தானே பிள்ளை இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறாள்.

இன்னொன்று, ரிப்பனோ கிளிப்போ எது என்று அவளே எடுக்க வேண்டும். இரண்டு மட்டும் காட்டுவேன், சிவப்பா மஞ்சளா. தான் எடுத்ததை முன்பள்ளியில் கழற்ற மாட்டாள். அம்மா போட்டதைத்தான் கழற்றுவாள்.


நாகை_நர்ஸ்
புதன், இரவு 11.15

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். நல்ல யோசனைகளாக வந்திருக்கின்றன, சில எச்சரிக்கைகளை மட்டும் சேர்க்கிறேன்.

அந்தப் பொடி ரப்பர் பேண்டு, பூ ஒட்டின குட்டிக் கிளிப் இதெல்லாம் மூன்று வயதுக்குள் வேண்டாம். பிடுங்கியதும் நேராக வாய்க்குத்தான் போகும், மூச்சுக்குழலில் சிக்கினால் நிமிட நேரத்தில் ஆபத்து. உங்கள் மகள் வேனில் பிடுங்கிப் போட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள், கீழே போட்டதே நல்லது. விரலால் பிடித்து விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய துணி பேண்டாக வாங்குங்கள், இரவிலும் அதுவே.

படிய வேண்டும் என்று இறுக்கிக் கட்டாதீர்கள். தினமும் ஒரே இடத்தில் இழுத்துக் கட்டினால் நெற்றியோரமும் வகிட்டிலும் முடி வேரோடு வரும், சின்னச் சின்னக் கொப்புளமும் கிளம்பும். ஆரம்பத்திலேயே தளர்த்தினால் திரும்ப வளர்ந்துவிடும், வருடக்கணக்கில் இழுத்தால் அந்த இடத்தில் வளராமலே போகலாம். கட்டிய பிறகு குழந்தையின் புருவம் மேலே இழுபட்டிருந்தால் அது இறுக்கம்.

வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால், சிக்கெடுத்த முடியைச் சுருட்டி உடனே குப்பையில் போடுங்கள். நீளமான ஒற்றை முடி கால்விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். காரணம் தெரியாமல் விடாமல் அழுகிறது என்று தூக்கி வந்த குழந்தைக்கு சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் விரல் நீலமாக இருந்தது, முடியை எடுத்ததும் அழுகை நின்றது.

கடைசியாக, சிக்கோடு அரிப்பும் இருந்தால் பேன் பாருங்கள், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும். பேன் தாவாது, பறக்காது, தலையோடு தலை ஒட்டி விளையாடினால்தான் ஏறும், அதனால் ப்ளே ஸ்கூல் பிள்ளைகளுக்கு வருவது சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈரத் தலையில் கண்டிஷனர் தடவிப் பேன் சீப்பால் மூன்று நாளுக்கு ஒரு தடவை இரண்டு வாரம் வாருங்கள். ஈர் பொரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஒரே நாளில் எடுத்துவிட்டோம் என்று விட்டால் திரும்ப வரும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து தேய்க்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள் போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும். மண்ணெண்ணெயும் கூடவே கூடாது.


ராஜி78
வியாழன், காலை 7.10

மொட்டை போட்டால் அடர்த்தியாகாது என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் சொல்லவில்லை. என் அனுபவத்தில் ஆனது.


நாகை_நர்ஸ்
வியாழன், இரவு 10.30

ராஜி அக்கா, அது அப்படித் தெரிவதுதான். முடியின் வேர் தோலுக்குக் கீழே இருக்கிறது, கத்தி அதைத் தொடுவதே இல்லை. எத்தனை வேர் இருக்கிறதோ அத்தனை முடிதான் வரும். முதல் முடியின் நுனி ஊசி மாதிரி மெலிந்திருக்கும், மழித்த பிறகு வருவது வெட்டுப்பட்ட மொக்கை நுனியோடு எழும், அதனால் தொட்டால் முரடாகவும் பார்த்தால் கறுப்பாகவும் தெரியும். அதோடு மொட்டை போடுகிற வயதில்தான் குழந்தை முடியே இயல்பாக மாறத் தொடங்குகிறது.

வேண்டுதலுக்காக மொட்டை போடுவது வேறு, அதை நான் ஒன்றும் சொல்லவில்லை, என் பிள்ளைக்கும் சமயபுரத்தில்தான் போட்டோம். சிக்குக்கு மருந்தாக நினைத்துப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், ஒரு வருடத்தில் அதே சுருட்டை, அதே சிக்கு திரும்ப வந்து நிற்கும். அப்போதும் விரலில் பிடித்துச் சீவத்தான் வேண்டும்.


ராஜி78
வெள்ளி, காலை 6.50

நுனி விஷயம் எனக்குத் தெரியாது, சரி. ஆனாலும் மொட்டை போட்ட அந்த நாலைந்து மாதம் காலையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அதுவும் வேண்டும் என்றுதான் எழுதினேன்.


திருப்பூர்_அம்மா
அடுத்த வாரம் ஞாயிறு, மதியம் 3.20

எல்லோருக்கும் பதில் எழுத வேண்டும் என்று தினமும் நினைத்தேன், இன்றுதான் உட்கார முடிந்தது. ராஜி அக்கா, நீங்கள் எந்த மனசோடு சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை சாயங்காலமே பெரிய பல் வைத்த சீப்பு ஒன்று வாங்கினேன், மரத்தில், இருபத்தைந்து ரூபாய். அன்றைக்கு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தேன். சீப்பைப் பார்த்ததும் ஓடினாள், நான் துரத்தவில்லை. அவள் பொம்மையை மடியில் வைத்துச் சீவ ஆரம்பித்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வந்து பொம்மையை வாங்கிக்கொண்டு தானே மடியில் உட்கார்ந்தாள். விரலில் பிடித்து நுனியிலிருந்து எடுத்தேன். அந்த முட்டை இளக இருபது நிமிடம் ஆனது, நடுவில் இரண்டு தடவைதான் தோளைச் சுருக்கினாள். பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

இரண்டாம் நாள் குடுமியைத் தூக்கத்தில் அவிழ்த்துவிட்டாள், மறுபடி பழையபடி சிக்கு. மூன்றாம் நாளிலிருந்து துணி பேண்டைக் கொஞ்சம் முன்னுக்கு, கிட்டத்தட்ட நெற்றிக்கு மேலே தள்ளிக் கட்டினேன், படுத்தால் உறுத்துவதில்லை போல, கை வைக்கவில்லை. தலையணைக்கு என் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு ரவிக்கை, எப்படியும் பத்தாது, அதைப் பிரித்து மாமியாரே தைத்துத் தந்தார்கள். இப்போது காலையில் ஸ்ப்ரே அடித்து, விரலால் கோதி, இரண்டு சின்னக் குடுமி. மூன்றிலிருந்து நாலு நிமிடம். வியாழக்கிழமை மட்டும் அவசரத்தில் பழைய சீப்பை எடுத்துவிட்டேன், உடனே முகம் மாறிவிட்டது, கீழே வைத்துவிட்டேன்.

முன்பக்கத்தில் நிற்கும் கற்றை இன்னும் நிற்கிறது. வேர் வரை நனைத்தும் வேன் வருவதற்குள் எழுந்துவிடுகிறது. மதுரை அண்ணா, அதற்கு ஏதாவது உண்டா?


மதுரை_கத்தரி
ஞாயிறு, இரவு 9.00

நெற்றியோரத்தில் வேரே மேல்நோக்கி முளைத்திருந்தால் தண்ணீருக்குப் படியாதும்மா. கடையில் எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன், அதோடு மல்லுக்கட்டினால் பிள்ளை நெற்றிதான் சிவக்கும். அது போகிற பக்கமே விட்டு, அந்தக் கற்றையைப் பின்னால் தள்ளி இரண்டு குடுமியில் ஒன்றோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். சித்திரையில் மொட்டைக்குப் பிறகு முடி கட்டைவிரல் நீளம் வந்ததும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், எந்தப் பக்கம் வகிடு எடுத்தால் அது மறையும் என்று பார்த்துச் சொல்கிறேன். முகம் தெரிய வேண்டாம், தலை மட்டும் போதும்.